வல்லாளன் முடிவும் கண்டோர் கூற்றும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரை அளவையியலோடு தொடங்கியதன் கருத்து, மெய்ப்பொருளை ஆராயப் புகுவார் முதற்கண் தாம் எவ்வாற்றான் அறிகின்றோம் என்பதனைத் தெளிதல் வேண்டும் என்பதேயாம். பலவாக எண்ணப்படும் அளவைகளெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பதும், காட்சியுள்ளும் ஐயமும் திரிபும் புகுமாதலின் அவை நீங்கிய காட்சியே கொள்ளத்தக்கதென்பதும் சைவ நன்மக்கள் நன்கு அறிந்தனவே. இந்நெறி இறை, உயிர், தளை என்னும் முப்பொருளாராய்ச்சிக்கு மட்டுமே உரியதென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நம் நாட்டில் முன்னர் நிகழ்ந்தவற்றை அறியப் புகுங்காலும் அதுவே நமக்குத் துணையாவது.

போர்ச் செய்திகளை ஆராயுமிடத்து இத்துணை பெரிதும் வேண்டப்படும். முற்றுகைச் செய்திகளை ஆராயுமிடத்து அதனினும் பெரிதும் வேண்டப்படும். மதில் வளைத்தலை உழிஞையென்றும் மதில் காத்தலை நொச்சியென்றும் வேறு வேறு திணையாகப் புறப்பொருள் வெண்பாமாலையார் வகுத்தனர். ஒரு போரே இரு திறத்தார்க்கும் இருவேறு ஒழுக்கமாதலை இப்பகுப்பு நன்கு காட்டும். அகத்தோர் படும் பசியைப் புறத்தோர் காணார். புறத்தோர் பாசறையில் நிகழ்வதனை அகத்தோர் காணார். காணாத இடத்தை நிரப்புவது சொல்லே. அச்சொல் அஞ்சுவிக்கவும் ஆகும், ஆற்றுவிக்கவும் ஆகும், பின்வருவார் உள்ளத்தைத் தன் வழிப்படுத்தவும் ஆகும். இவ்வாற்றான் எழுந்த சொற்களுள் மெய் எது, கட்சியுரை எது எனப் பிரித்தறிதல் எளிதன்று. அதற்கு எடுத்துக்காட்டாகத் திருச்சிராப்பள்ளியை அடுத்து நிகழ்ந்த முற்றுகை ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

கண்ணனூர்

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையினின்றும் வடக்கு நோக்கிச் செல்வார், மலைக்கோட்டையை ஒருபுறம் கண்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவிற் சமயபுரத்தை அடைவர். மாரியம்மன் திருக்கோயிலாற் பெயர் பெற்ற அவ்வூரை ஒட்டியதே கண்ணனூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓய்சள மன்னனாகிய வீரசோமேசுவரன் அதனைத் தமிழ்நாட்டிற் றன் தலைநகராக்கி விக்கிரமபுரம் எனப் பெயரிட்டான். தன் குடிப்பெயராற் பொய்சளேச்சுரம் என்னும் சிவன் கோயிலையும் அங்கு எடுப்பித்தான். பொய்சளேச்சுரம் என்பது நாளடைவிற் போசேச்சுரம் எனத் திரிந்தது. அத்திரிபே இன்றும் வழங்குகின்றது. இது போச மன்னன் எடுப்பித்த கோயில் போலும் என்று கேட்பார் எண்ணுதற்கும் இடனாயிற்று. கல்லிற் பொறித்த பெயரே வாயில் வழங்குங்காற் பிறிதொரு பொருள் தருமாயின், வாய்மொழியாகவே வந்த செய்திகள் எத்துணைத் திரியும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வூர் பகைவர் படை புகுதற்கு ஏற்ற வழியில் உள்ளது. ஆற்றுக்கு வடகரையில் நின்று திருவரங்கத்தையும் திருவானைக்காவையும் தென்கரைக் குன்றத்தையும் ஒருங்கே அடக்கவல்லது. அதனாற் பதினான்காம் நூற்றாண்டு முழுவதும் இதனைக் கைக்கொள்ள முயன்றோர் பலராயினர்.

கேட்டு எழுதினோர்

கி. பி. 1311 இல் தில்லியிலிருந்து மாலிக் காபூர் படையொடு தெற்கே வந்தான். அக்காலை ஓய்சள நாட்டை ஆண்டவன் மூன்றாம் வீரவல்லாளன். அவன் காபூருக்குப் பணிந்து பாண்டி நாட்டிற்கு வழிகாட்டினான் என்று பாரசீக வரலாற்று நூலொன்று கூறுகின்றது. அப்படையெழுச்சியைக் கவிஞர் அமீர் குசுரு விரித்தெழுதினார். அவர் நூலிற் கந்தூர் என வரும் ஊர் கண்ணனூரே என்பது அறிஞர் கொள்கை. மழையையும், சேற்றையும், யானைகளையும், பொன்வேய்ந்த கோயிலையும் தாமே உடனிருந்து கண்டார் போல அவர் எழுதுகின்றார். ஆயினும் அவர் அப்படையொடு வந்தவரல்லர், தில்லியில் இருந்தவர். வேந்தன் பெருமையை விளக்குதற்கென அவ்வேந்தன் அவைக்களத்தில் இயற்றப்பட்டது அவர் நூல்.

கொண்டு சென்ற செல்வத்தை அவர் 512 யானை, 5,000 குதிரை, 500 மணங்கு மணி எனக் கணக்கிடுகின்றார். அந்நூற்றாண்டின் நடுவில் எழுதிய சியாவுத்தீன் பரணியோ 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு பொன் என்கின்றார். ஒரே படையெழுச்சி, ஒரே கொள்ளை. காலம் கழியுந்தோறும் எண் பெருகியது. கொள்ளையிட்டது பொய்யென்று இதனாற் கூறுகின்றேமல்லேம். ஆனால் எண்ணப்பட்டது யானை மட்டுமன்று, வேந்தன் புகழும் ஆம் என்பதனை மறத்தலாகாது.

1323 இல் உலூக்கான் படை வந்தபோது திருவரங்கம் பெருந்துன்பம் உற்றது. பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாள் திருமேனியைக் கொண்டு தெற்கே சென்று, வழியிலேயே இறைவனடி சேர்ந்தார். அக்கலகத்தில் 12,000 பேர் மாண்டனர் எனக் கோயிலொழுகு கூறும். கோயிலொழுகு ஒருவராற் றாம் கண்டவாறு ஒருங்கே எழுதப்பட்டதன்று. பல தலைமுறைகளிற் பலராற் றொகுக்கப்பட்டது. அதனால் 12,000 என்னும் எண்ணையும், மேற்காட்டிய யானைக் கணக்கைப் போலவே, அளந்தே கொள்ளல் வேண்டும். எண் ஐயத்துக்குரியதாயினும் துயரம் ஐயத்துக்குரியதன்று. இறைவன் திருமேனி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊர் ஊராக மறைந்து திரிந்து 1371 இலேயே திரும்பிற்று என்பதற்குத் திருவரங்கத்துக் கோபணாரியர் கல்வெட்டே சான்று.

கண்ணனூர் முற்றுகை

தில்லிக்கு அடங்கியிருந்த மதுரைத் தலைவன் சலாலுத்தீன் அசன்சா ஏறத்தாழ 1335 இல் தன்னாட்சி கொண்டான். அதுமுதல் மதுரைச் சுல்தான்கள் தில்லிக்கும் பகைவர், ஓய்சளர்க்கும் பகைவர். கண்ணனூர் அவர் கையில் இருந்தது. முதுமை எய்திய வல்லாளன் அதனை மீட்க முனைந்தான். அப்பொழுது மதுரையை ஆண்டவன் கியாசுத்தீன் தாமகானி.

இம்முற்றுகையை விரித்துக் கூறும் நூல் ஒன்றே. அது மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரிற் பிறந்து உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய இபன் பதூதா என்பார் சொல்லப் பிறரொருவர் எழுதியது. 1355 இல் நிறைவுற்றது. அவர் கூற்று வருமாறு:

வல்லாளனிடம் இலக்கத்திற்கு மேற்பட்ட படை இருந்தது. அதில் ஏறத்தாழ 20,000 பேர் முசுலிம்கள். மதுரைப் படையோ 6,000. அதிலும் பாதியே பயன்படுவது. கண்ணனூர்ப் புறத்து நிகழ்ந்த போரில் மதுரைப்படை முறிந்து பின்வாங்கிற்று. வல்லாளன் கோட்டையைப் பத்துத் திங்கள் முற்றுகையிட்டான். முடிவில் உள்ளிருந்தார்க்குப் பதினான்கு நாளைக்கே உணவு எஞ்சியது. கோட்டையை விட்டு உயிரோடு செல்க என அவன் இடங்கொடுத்தான். தம் சுல்தானைக் கேட்டுச் சொல்வதாக அவர் தவணை வேண்டினர். அவன் பதினான்கு நாள் தவணை தந்தான். அவர் விடுத்த ஓலை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கண் மதுரையிற் படிக்கப்பட்டது. கேட்டோர் அழுதனர், உயிர் கொடுப்போம் என்றனர். வீரர் தம் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்திற் கட்டிச் சாதல் துணிந்து புறப்பட்டனர். நண்பகலில் ஓய்சளப் பாசறை இளைப்பாறியிருந்தது. குதிரைகள் மேயப் போயிருந்தன. வந்தவரைக் கள்வரென எண்ணினர் காவலர். படை சிதறியது. எண்பது ஆண்டு நிரம்பிய வல்லாளன் குதிரையேற முயன்று பிடிபட்டான். பிடித்தவன் சுல்தானின் மருகன் நாசிருத்தீன். விடுவிப்பதாகச் சொல்லி வல்லாளனிடமிருந்த பொன்னும் யானையும் குதிரையும் பெற்றுக்கொண்டபின் சுல்தான் அவனைக் கொல்வித்தான், தோலை உரிப்பித்தான், அதனுள் வைக்கோல் திணித்து மதுரை மதிலிற் றொங்கவிட்டான். அது தொங்குதலைத் தாம் கண்டதாக இபன் பதூதா கூறுகின்றார்.

கண்டது எது?

இக்கூற்றினைக் கண்டார் கூற்றென்றே பலரும் எடுத்தாள்வர். இதனுட் கண்டது எத்துணை? இபன் பதூதா இலங்கையிலிருந்து கடலில் இடருற்றுச் சோழமண்டலக் கரையை அடைந்தபோது முற்றுகை முடிந்துவிட்டது. பாசறையை அவர் காணவில்லை. பதினான்கு நாள் தவணையைக் காணவில்லை. தலைப்பாகை அவிழ்த்ததைக் காணவில்லை. வல்லாளனை உயிரோடு காணவேயில்லை. அவர் கண்டது மதிலிற் றொங்கிய வைக்கோல் திணித்த தோல் ஒன்றே.

அளவை நெறியிற் பகுத்து நோக்குவார்க்கு அவர் கூறிய ஒரு தொடரிலேயே மூவகை அளவையும் கலந்திருத்தல் புலனாம். தோல் தொங்கியது காட்சி. அஃது ஒரு மனிதன் தோலென்பதும், சினமிக்க வேந்தன் செய்வித்த செயலென்பதும் கருதல். அம்மனிதன் வல்லாளன் என்பதும், அவன் இன்னவாறு பிடிபட்டு இன்னவாறு மாண்டான் என்பதும் பிறர் சொல்லக் கேட்ட உரை. உரை கொள்ளத்தக்கதாவது உரைத்தோர் தன்மையால். உரைத்தோர் யாவர்? மதுரை அரண்மனையினர். கியாசுத்தீன் மனைவியின் உடன்பிறந்தாளைத் தில்லியில் மணந்தவர் இபன் பதூதா. ஆதலின் அவர் அங்கு உறவினராய் ஏற்கப்பட்டார். வல்லாளனைப் பிடித்த நாசிருத்தீனே கியாசுத்தீனுக்குப் பின் அரசெய்தினான். அவன் ஆட்சித் தொடக்கத்தில் அவர் அங்கிருந்தார். வென்றவன் வீட்டு விருந்தினர் வென்றவன் வாயாற் கேட்ட வெற்றிக் கதை இது. இலக்கம் பேரை ஆறாயிரம் பேர் வென்றனர் என்னும் கணக்கு அவ்வீட்டில் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்பதனை எண்ணுக.

அத்தோல் அங்குத் தொங்கவிடப்பட்டதும் ஒரு சொல்லே. எழுத்தறியாரும் படிக்கத்தக்க ஓலை அது. அரை நூற்றாண்டு ஆண்ட ஓய்சளன் இனி இல்லை, அவனை நம்பினோர் அடங்குக என்பதே அவ்வோலையிற் கண்ட செய்தி. மதுரைக்கு வந்த வணிகரும் வழிப்போக்கரும் அதனைக் கண்டு தத்தம் ஊரிற் சொல்வர் என்பதற்காகவே அது வாயிலறிய வைக்கப்பட்டது. அவருள் ஒருவர் அதனை மொராக்கோ வரைக்கும் கொண்டு சென்று நூலிலும் ஏற்றிவிட்டார். சான்றாளராகிய அவரே, தாம் அறியாமலே, அப்பறையறைவிற்குத் தூதருமாயினார்.

இந்நிலை நம் நாட்டிற்கே உரியதன்று. கருங்கடற் கரையிலுள்ள காபா என்னும் துறைமுக நகரைத் தாத்தாரியர் 1346 இல் முற்றுகையிட்டனர். கொள்ளைநோயால் மாண்ட தம் படையினர் உடல்களை அவர் பொறிகளில் ஏற்றி நகருள் எறிந்தனர் என்று காப்ரியேலே தெ முசி என்னும் இத்தாலியர் எழுதினார். அவர் உடனிருந்து கண்டவரென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர் கருதினர். பின்னர்ப் பத்திர ஓலைகளை ஆராய்ந்தபோது, அக்காலத்து அவர் தம் சொந்த ஊராகிய பியாசென்சாவை விட்டு நீங்கவேயில்லை எனத் தெரியவந்தது. கண்டார் போல எழுதுதல் அந்நூற்றாண்டு எழுத்தாளர்க்குப் பொதுவழக்கு. அதனைக் கண்டதாகவே கொள்ளுதல் பிற்காலத்தார் பிழை.

கல்லின் கூற்று

இனி, ஓய்சளர் பக்கத்துச் சான்று ஒன்றுளது. கன்னட நாட்டுக் கடூர்ப் பகுதியிலுள்ள கல்வெட்டொன்று, 1342 செப்டம்பர் 8 ஆம் நாளுக்கு நேரான நாளில், வல்லாளன் துருக்கரொடு பொருது வீழ்ந்தான் எனக் கூறுகின்றது. போர் நிகழ்ந்த ஊர்ப்பெயரைப் படிப்பதில் அறிஞர் மாறுபட்டனர். பேரிபி என்று முதலிற் படிக்கப்பட்டது. சிரிச்சிராப்பள்ளி, அஃதாவது நம் திருச்சிராப்பள்ளி, என்பதே அது எனப் பின்னர்க் கூறப்பட்டது. ஊர் எதுவாயினும் ஆகுக. பொருது வீழ்ந்தான் என்பதற்கும், பிடிபட்டுப் பொருள் பறிகொடுத்துத் தோலுரிக்கப்பட்டான் என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

இவ்விரண்டனுள் எது மெய்? கல்வெட்டு அண்மைக் காலத்தது என்பது அதற்கு வலிமை. ஆனால் கல்லில் வெட்டுவோரும் ஒரு கட்சியினரே. தம் வேந்தன் நண்பகல் உறக்கத்திற் பிடிபட்டான் என்று எக்குடியினர் கல்லிற் பொறிப்பர்? விழுப்புண் பட்டு வீழ்தலையே வீரர்க்குரியதாகப் போற்றிய நாடு இது. இபன் பதூதா கூற்றில் வெற்றிச் செருக்கு உண்டு. ஆயினும் அதனோடு ஒட்டாத ஒன்றும் உண்டு. விடுவிப்பேன் என்று வாக்களித்துப் பொருள் பெற்றபின் கொன்றமை எந்த வேந்தனுக்கும் புகழாகாது. தம் உறவினன் வாக்குப் பிழைத்ததை அவர் மறையாது சொல்லியிருக்கின்றார். தன் பக்கத்துக் குற்றத்தைத் தானே உரைப்பான் சொல் ஏனையோர் சொல்லினும் நிறையுடையது. அதனால் வல்லாளன் போரில் வீழாது பிடிபட்டு மாண்டான் என்பதே பெரும்பாலும் மெய்யாம் எனக் கருதுகின்றேம். படையின் தொகையும், எண்பது வயதும், பதினான்கு என்னும் எண் இருமுறை வருதலும் அத்துணை உறுதியுடையன அல்ல. ஒருவர் கூற்றை முழுதும் கொள்ளுதலும் முழுதும் தள்ளுதலும் எளிய செயல்கள். பகுத்துக் கொள்ளுதலே ஆராய்ச்சி.

கண்ட கண்

இபன் பதூதா மெய்யாகவே தம் கண்ணாற் கண்டு கூறியனவும் உள. அவை முற்றுகைக் கதையினும் கொடியன. கியாசுத்தீனொடு காட்டுவழியே அவர் சென்றபோது, வழியிற் பிடிபட்ட இந்துக்களைக் கூரிய கழுமரங்களைத் தம் தோளிலேயே சுமந்துவரச் செய்தனர். பாசறையைச் சூழ அமைத்த மரவேலியின் வாயில்களில் மறுநாட் காலையில் அக்கழுக்களை நட்டு, சுமந்துவந்தோரையே அவற்றில் ஏற்றினர். அவர்தம் மனைவியரையும் மக்களையும் அங்கேயே கொன்றனர். மற்றொரு நாள் சுல்தான் உணவுண்ணும்போது ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயதுப் புதல்வனையும் கொண்டுவந்தனர். வெட்டுக என்று அவன் கையாற் காட்டினான். உடனுண்டிருந்த இபன் பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையிற் கிடந்தன. பிறிதொரு நாள் அத்தகைய செயல் தொடங்கும்போதே, தொழுகைக்குப் போகின்றேன் எனச் சொல்லி அவர் எழுந்து விட்டார். சுல்தான் அதன் கருத்தறிந்து நகைத்தான்.

இச்செயல் இழிவானது, வேறெந்த மன்னனிடத்தும் தாம் கண்டிராதது, இதனாலேயே இறைவன் அவன் இறுதியை விரைவிற் கூட்டினான் என்று அவர் முடிவு கூறுகின்றார். சொல்பவர் அவன் உறவினர், அவன் சமயத்தினர், அவன் சோறு உண்டவர். இக்கூற்றால் அவர்க்கு வரும் ஆக்கம் ஒன்றுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டமையையும் அவர் மறைக்கவில்லை. தடுக்கவில்லை என்னும் பழி அதனால் தமக்கு வருதலையும் பொறுத்தார். ஐயந்திரிபற்ற காட்சி எது எனக் கேட்பார்க்கு, கண்டவன் தனக்கே தீதாகும் இடத்தும் ஒளியாது சொல்லும் காட்சியே என விடையிறுக்கலாம்.

நம்மவர் கூற்று

பிறர் கூற்றை இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் நாம் நம்மவர் கூற்றையும் அந்நிறைகோலிலேயே இடுதல் வேண்டும். விசயநகர இளவரசன் குமாரகம்பணன் தெற்கே வந்து மதுரையை வென்றதனை அவன் தேவியாகிய கங்காதேவி மதுரா விசயம் என்னும் வடமொழிக் காப்பியமாகப் பாடினார். அதன் ஏடு 1916 இல் திருவனந்தபுரத்திற் கிடைத்தது. திருவரங்கம், திருவானைக்கா, மதுரை ஆகிய இடங்களின் அழிவை அது உருக்கத்தோடு கூறும். கூறுபவர் வென்றவன் தேவி. கூறுவது காப்பிய மரபில். கம்பணன் சுல்தானைத் தனிப்போரிற் கொன்று நாட்டை மீட்டதாக அது முடிக்கின்றது. ஆயினும் மதுரைச் சுல்தான்களின் நாணயங்கள் 1377-78 வரை கிடைத்துள்ளன. கம்பணன் வெற்றி மெய். அவ்வொரு போரால் மதுரைச் சுல்தான்கள் அடியோடு ஒழிந்தனர் என்பது மெய்யன்று. காசு புகழ் பாடாது, ஆண்டைக் காட்டும், அவ்வளவே.

கண்ணனூர் மீட்சியைக் கோயிலொழுகு வேறு வகையாகக் கூறும். துருக்கர் தலைவன் திருவரங்கத்து மதில்களை இடித்துக் கண்ணனூரிற் கோட்டை கட்டினான் என்றும், அவனிடம் அலுவல் செய்த சிங்கப்பிரான் என்னும் திருவரங்கத்தார் உள்நிலையைக் கோபணாரியர்க்கு அறிவித்தார் என்றும் அது கூறும். முற்றுகை வெல்வது வாளால் மட்டுமன்று, உள்ளிருந்து வரும் சொல்லாலும் என்பதற்கு இஃதொரு சான்று. பகைவனிடம் அலுவல் செய்தவர் ஒருவரை மரபு பழியாமற் போற்றுதலும் நோக்கத்தக்கது. இபன் பதூதா வல்லாளன் படையில் 20,000 முசுலிம்கள் இருந்தனர் என்றதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. அவரைக் குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என அவர் இழித்துரைப்பினும், இருந்தமையை மறைக்கவில்லை. இரு சமயத்தார் இரு பக்கமாய் நின்று பொருதனர் என எளிதாகச் சொல்லிவிடுதற்கு அப்போர்கள் இடந்தாரா. அரசும் பொருளும் அச்சமும் அன்று பலரைப் பல பக்கம் நிறுத்தின.

இவை அனைத்தினும் ஆரவாரமற்ற சான்று பாண்டி நாட்டுத் திருக்களக்குடிச் சிவன் கோயிற் கல்வெட்டு. முன்பு துலுக்கர் காலமாயிருந்தது. இறைவன் நிலங்களுக்கும் குடிமை விதிக்கப்பட்டது. வழிபாடோ குறைவின்றி நடைபெறல் வேண்டியிருந்தது. குடிகள் முறை வைத்து உழுதனர். பின்னர்க் கம்பணன் வந்து நாட்டை நிலைப்படுத்தினான் என்பது அதன் கருத்து. அங்கு இலக்கம் பேர் இல்லை, தனிப்போர் இல்லை, தேவி அருளிய வாள் இல்லை. வரியும் ஏரும் விளக்கெண்ணெயுமே உள. முற்றுகையும் படையும் போனபின் ஊரில் எஞ்சுவன அவையே. போர் என்பது குடிமக்களுக்கு யாதாயிற்று என அறிய விரும்புவார் இதனையே முதலிற் படித்தல் வேண்டும்.

இறைவன் செய்யும் கடன்

இவ்வாராய்ச்சியால் ஆவது யாதோ எனின், கூறுவேம். அறுநூற்றாண்டுகட்கு மேற்பட்ட இச்செய்திகளை இன்றும் சிலர் எடுத்து, தமக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசித்து, வாழ்வோர்க்கிடையே பகை மூட்டுகின்றனர். வேறு சிலர் அப்பகைக்கு அஞ்சி, கொடுமை நிகழவேயில்லை என மழுப்புகின்றனர். முன்னையோர் மதிலிற் றொங்கிய தோலை மீண்டும் எடுத்துத் தொங்கவிடுகின்றனர். பின்னையோர் கழுவேறிய மக்களை இரண்டாம் முறை புதைக்கின்றனர். இருவரும் மாண்டோர்க்கு நீதி செய்தாரல்லர். கண்டது இது, கருதியது இது, கேட்டது இது எனப் பகுத்துச் சொல்லுதலே மாண்டோர்க்கும் வாழ்வோர்க்கும் நாம் செய்யும் கடன்.

வல்லாளனைப் பற்றிய நினைவு மதுரை மதிலிலும் கடூர்க் கல்லிலும் மட்டும் நின்றதன்று. அவன் தன் பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். அத்திருக்கோயிலின் கோபுரமொன்று இன்றும் வல்லாள கோபுரம் எனப்படுகின்றது. எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்தில், மகப்பேறில்லாத வல்லாள மன்னனுக்கு இறைவனே மகவாக வந்த வரலாறு கூறப்படுகின்றது. அம்மன்னன் இவ்வோய்சள வல்லாளனே என வரலாற்று நூலோர் கருதுவர். புராணச் செய்தியை வரலாற்றுச் சான்றாக ஈண்டுக் காட்டுகின்றேமல்லேம். கண்ணாற் காணத்தக்கதொன்றையே காட்டுகின்றேம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றிற் றீர்த்தவாரி கொண்டு, மகன் தந்தைக்குச் செய்யும் கடனை வல்லாளனுக்குச் செய்தருளுகின்றார்.

வென்றவர் அவனைத் தோலாக்கித் தொங்கவிட்டனர். அவன் குடியினர் அவனைப் பொருது வீழ்ந்த வீரனாகக் கல்லில் நிறுத்தினர். இரண்டும் கட்சியுரைகளே. மாசி மகத்து நீர்க்கடனோ அவன் எவ்வாறு மாண்டான் எனச் சொல்வதில்லை, எவரையும் பழிப்பதுமில்லை. மாண்டான் ஒருவன், அவனுக்குக் கடன் செய்யப் புதல்வனில்லை என்னும் அவ்வளவே அதிலுள்ள செய்தி. பகைவர் ஈமமும் மறுத்த ஒருவனுக்கு ஆண்டுதோறும் அக்கடன் இறுக்கப்பட்டு வருகின்றது. கண்ணனூர் முற்றுகையைப் படிப்போர் மதுரை மதிலோடு நின்றுவிடாது, பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரை வரை சென்று நின்று பார்ப்பாராக.